கீசர் பக்கம் என்னவோ வாடை

போன வாரம் ஒரு மத்தியானம், குளிக்கிற உத்தேசமே இல்லாமல் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

எதற்கு? முகர்ந்து பார்ப்பதற்கு!

சிரிக்காதீர்கள். நல்ல புத்தியோடு இருக்கிற ஒரு ஆசிரியை, கட்டிய புடவையோடு பாத்ரூமுக்குள் மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்காரும் நிலைமை எப்படி வந்தது என்று கேளுங்கள்.

எங்கள் மகள் கயல் வளைகாப்பு முடிந்து பாபநாசத்துக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை; சனி, ஞாயிறுக்கு வந்து போகிறார். மார்கழி மாதம். வயலெல்லாம் சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. விடிந்து வெகுநேரமாகியும் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி. இந்த நேரம் பார்த்து எங்கள் பழைய கரண்ட் கீசர், வோல்டேஜ் ஏறி இறங்கிய ஒரு சாயங்காலத்தில் உயிரை விட்டது.

“புள்ளத்தாச்சிப் பொண்ணு பச்சைத் தண்ணியிலயா குளிக்கும்?” என்று என் வீட்டுக்காரர் அன்றைக்கே கும்பகோணம் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் கேஸ் கீசர்.

“டேப்பைத் திறந்தா அந்த நிமிஷமே சுடுதண்ணி மாலா. கரண்ட் போனாலும் கவலை இல்ல.”

கடையிலிருந்து வந்த மெக்கானிக், பழைய கீசர் இருந்த அதே இடத்தில், பாத்ரூம் சுவரிலேயே இதையும் மாட்டினார். சிலிண்டர் கொல்லைப்பக்கம். சுவரில் ஓட்டை போட்டு ட்யூப்பை உள்ளே இழுத்தார். “உள்ள மாட்டலாமாப்பா?” என்று நான் கேட்டேன். “ஜன்னல் இருக்குல்லம்மா” என்றார். ஜன்னல் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

டேப்பைத் திறந்தால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் ‘புஸ்’... நீலமாக நெருப்பு. என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார். அதோடு விட்டாரா? பாத்ரூம் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கு வழியாகப் பனிக்காற்று வருகிறது என்று, அளவெடுத்துத் தெர்மாகோல் வெட்டி, கச்சிதமாக அடைத்தும் வைத்தார். கூட்டுறவு வங்கி வேலையில் இருந்த காலத்தில் எனக்காக ஒரு ஆணிகூட அடித்ததில்லை இந்த மனிதர். மகளுக்கு என்றால் தச்சராகிவிடுகிறார். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் குளித்துவிட்டு வந்த கயல், தலையைத் துவட்டியபடியே சொன்னாள்:

“அம்மா, கீசர் பக்கம் என்னவோ வாடை அடிக்குதும்மா.”

கேஸ் என்றால் சும்மா விடலாமா? ஓடினேன். முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இவரைக் கூப்பிட்டேன். இவர் கீசருக்கு மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூக்கை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “சுத்தமா ஒண்ணும் இல்ல” என்று தீர்ப்புச் சொன்னார்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இவருக்குக் கொரோனா வந்தபோது போன மோப்ப சக்தி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. காபியில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்பார். பக்கத்தில் பால் தீய்ந்தால் தெரியாது. அப்படிப்பட்ட மூக்கை நம்பித்தான் நாங்கள் அன்றைக்கு நிம்மதியானோம்!

“மார்கழி மாசம் வாடைக்காத்து அடிக்காம வேற என்ன அடிக்கும்?” என்று ஒரு ஜோக் வேறு.

கயல் சிரிக்கவில்லை. மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும்.

“எப்படி இருக்கு? முட்டைகோஸ் அழுகின மாதிரியா?” — கேஸ் கசிந்தால் அப்படித்தானே இருக்கும்.

“அப்படி இல்லம்மா.”

“தீஞ்ச மாதிரியா?”

“அதுவும் இல்ல. சொல்லத் தெரியல... கண்ணை லேசா கரிக்குது. குமட்டுது. அந்த வாடையில ரொம்ப நேரம் நிக்க முடியலம்மா. ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துடறேன்.”

குமட்டல் என்றதும் எங்கள் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. பிள்ளைத்தாச்சிக்குக் குமட்டாதா? எனக்கு இவள் வயிற்றில் இருந்தபோது, தெருக்கோடியில் யாராவது வெங்காயம் வதக்கினால்கூடத் தாங்காது. “அந்த நேரத்துல மூக்கு அப்படித்தாண்டி இருக்கும்” என்றேன். “தலை வலிக்குதும்மா” என்றாள். “ஈரத்தலையோட உக்காராதே” என்றேன்.

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது பாருங்கள்!

இருந்தாலும் கேஸ் விஷயம். இவர் பாத்ரூம் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, சோப்பைக் கரைத்து நுரை எடுத்துக்கொண்டு ட்யூப் நெடுகத் தடவினார். சிலிண்டர் பக்கம், கீசர் பக்கம், நடுவில், எல்லா இடத்திலும். ஒரு குமிழிகூட வரவில்லை. கசிவு இருந்தால் குமிழி வரும். குமிழி இல்லையென்றால் கசிவும் இல்லை. சரிதானே? சரிதான். அப்படியானால் வாடை?

பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார். “டீச்சர், அது மில்லு வாடை. நெல்லு ஊறப்போட்டிருப்பாங்க. காத்து வடக்கேருந்து வந்தா எங்க வீட்டுக்குள்ளேயே நிக்க முடியாது” என்றார். மில் வாடை எனக்குத் தெரியாதா? புளித்த கஞ்சி மாதிரி இருக்கும். ஆனால் அவர் சொன்ன பிறகு, பாத்ரூமுக்குள் போனால் எனக்கு மில் வாடை அடிக்க ஆரம்பித்தது! வாசல் சாக்கடையாக இருக்கும் என்று தெருவில் ஒருவர் சொன்னார். உடனே சாக்கடை வாடையும் அடித்தது. மூக்கு இப்படியா ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசும்?

மெக்கானிக்கையே மறுபடி கூப்பிட்டோம். அவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டேப்பைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். நுரை தடவினார்.

“லீக் இல்லம்மா. புது மெஷினு... உள்ள பெயிண்ட் சூடாகுற வாடை. நாலு நாள் ஓடுனா போயிடும்.”

“நாங்களும் அதான் சொன்னோம்” என்றார் இவர். எப்போது சொன்னார்?

அவர் போனதும் கயல் கூடத்துச் சோபாவில் சாய்ந்தபடி, யாரைப் பார்த்தும் சொல்லாமல் மெதுவாகச் சொன்னாள்:

“எல்லாரும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டே பார்க்கிறீங்க. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு யாரு குளிப்பாங்க?”

அவள் குரலில் கோபம் இல்லை. சலிப்பு இருந்தது. நான்கு பேர் சேர்ந்து ‘உனக்கு அடிக்கிற வாடை அடிக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஒருத்தி என்னதான் செய்வாள்? கடைசியில் அவளே, “ஒருவேளை எனக்குத்தான் ஏதோ ஆகிடுச்சோ என்னவோம்மா” என்றாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

அதனால்தான் மறுநாள் மத்தியானம், அவள் படுத்திருந்த நேரத்தில், நான் ஸ்டூலோடு பாத்ரூமுக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். நல்லவேளை, குளிக்கவில்லையே என்று தாழ்ப்பாள் போடவில்லை. டேப்பை முழுசாகத் திறந்துவிட்டு, கீசருக்குக் கீழே உட்கார்ந்தேன். பக்கெட் நிறைய நிறையக் கவிழ்த்துவிட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆவி மட்டும் மண்டியது. பிறகு... ஆமாம், ஏதோ இருந்தது. மெல்லிசாக. கண் ஓரத்தில் சின்னக் கரிப்பு. என்ன வாடை இது? பெயிண்ட்டா? இல்லை. மில்லா? இல்லை. எங்கேயோ பழகின வாடை. பெயர்தான் வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்து நிற்கிற ஒரு பெயர் மாதிரி. பெயரைப் பிடித்துவிட்டால் போதும், மகளிடம் போய் ‘நீ சொன்னது சரிடி’ என்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

நெற்றியைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியது போல இருந்தது. பக்கெட் வழிந்து என் கால் நனைந்தது. டேப்பை மூட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் மூட வேண்டியது யார் என்று புரியவில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு அப்போது அது நியாயமான சந்தேகமாகத்தான் இருந்தது. நான் எதற்காக உள்ளே வந்தேன்? குளிக்கவா? குளிக்க வந்தால் புடவை எதற்கு? யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றும் கைநழுவிக்கொண்டே போனது.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று கயல் எழுந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். “என்னம்மா பண்றே உள்ள?” என்று கேட்டிருக்கிறாள். நான் உள்ளிருந்து, “முகூர்த்தத்துக்கு நேரமாச்சா?” என்று கேட்டேனாம்! எந்தக் கல்யாணமோ, யாருடைய முகூர்த்தமோ... தெரியாது.

அவள் கதவைத் தள்ளித் திறந்து, “அப்பா!” என்று கத்தியிருக்கிறாள். கொல்லையில் இருந்த இவர் ஓடிவந்து என் அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போய்க் கொல்லைக் கிணற்றடியில் காற்றாட உட்கார வைத்தார். குடித்த காபி அத்தனையும் வெளியே வந்தது. ஜில்லென்று காற்று முகத்தில் பட்டதும்தான் எனக்கு எதிரே நிற்பது என் மகள் என்று நிச்சயமாயிற்று.

இவர் வீட்டுக்குள் ஓடி, கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைக் கொண்டுவந்து என் விரலில் மாட்டினார். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு!

“தொண்ணூத்தெட்டு இருக்கு. ஒண்ணும் இல்ல. மத்தியானம் சரியா சாப்பிடல, புழுக்கத்துல உக்காந்திருக்கா, அதான் மயக்கம்.”

அவர் குரலில் எவ்வளவு நிம்மதி! நானும் கிட்டத்தட்ட நம்பினேன். மெஷின் பொய் சொல்லுமா?

கயல் என் முன்னால் சிரமப்பட்டுக் குனிந்தாள்.

“அம்மா, தலை எப்படி வலிக்குது? சுத்தி வச்சு இறுக்குற மாதிரியா?”

“ஆமாண்டி.”

“கண்ணு கரிச்சுச்சா?”

“ஆமா.”

“கால் பஞ்சு மாதிரி இருக்கா?”

தலையாட்டினேன். அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

“எனக்கும் குளிச்சிட்டு வந்தா தினமும் இப்படித்தாம்ப்பா இருந்துச்சு.”

இவர் போய்ச் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினார். மூடிய கையோடு மதிலோரம் நின்று, “ஜமீலாம்மா, வண்டி இருக்குங்களா?” என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஜமீலா அக்காவின் மருமகன் அப்படியே காரை எடுத்துவிட்டார்.

தஞ்சாவூர் போகிற வழியெல்லாம் கார்க் கண்ணாடிகளை இறக்கிவிடச் சொன்னாள் கயல். பனியாவது, காற்றாவது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் கை வயிற்றின் மேலேயே இருந்தது.

“அசையுதாடி?”

“இப்பதாம்மா கொஞ்சம் முன்னாடி அசைஞ்சுச்சு.”

மறுபடி கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில், “பேஷண்ட் யாருங்க?” என்று கேட்டார்கள். நான் மகளைக் காட்டினேன். மகள் என்னைக் காட்டினாள். நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா இரண்டு பேரையும் படுக்கச் சொன்னார். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தாய்க்கும் மகளுக்கும் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்! ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். கயலின் வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள். அந்தச் சத்தம் வரும்வரைக்கும் இருந்த சில நிமிஷங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுத வராது.

வந்தது. டொக் டொக் டொக் என்று, எதையோ துரத்திக்கொண்டு ஓடுகிற அவசரத்தில்.

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்: “கீசர் பாத்ரூமுக்கு உள்ளேயா இருக்கு?”

“ஆமாங்க டாக்டர். ஆனா லீக் இல்லைங்க. நுரை தடவிப் பார்த்துட்டோம்.”

“லீக்கைப் பத்திக் கேக்கல. பாத்ரூம்ல ஜன்னல் இருக்கா?”

“இருக்குங்க.”

“திறந்திருக்குமா?”

இவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார்.

“பனிக்காத்து வருதுன்னு... தெர்மாகோல் வச்சு அடைச்சேன் டாக்டர். புள்ளத்தாச்சிப் பொண்ணு. குளிரக்கூடாதுன்னு.”

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நெருப்பு நன்றாக எரியக் காற்று வேண்டும். அடைத்த அறையில் காற்றுப் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றில் இருக்கிற குழந்தையைத்தான் அது அதிகமாகப் பாதிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். விரலில் மாட்டுகிற மீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம். அதனால்தான் தொண்ணூற்றெட்டு.

“பொண்ணு தினமும் எவ்வளவு நேரம் குளிக்கும்?”

மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக் கயலே சொன்னாள்: “ரொம்ப நேரம் இல்ல டாக்டர். அந்த வாடை பிடிக்காம, ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு ஓடி வந்துடுவேன்.”

“அதான் தப்பிச்சீங்க.”

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாஸ்க்குக்கு உள்ளேயிருந்தே கேட்டேன்: “டாக்டர், அப்ப அந்த வாடை... அதுதான் அந்த கேஸா?”

“இல்லம்மா. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.”

“அப்ப நாங்க மோந்தது என்ன?”

“சரியா எரியாம போனா கூடவே வேற புகையும் வரும். அதுல ஏதாவது இருக்கலாம். புது மெஷின் வாடையாவும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது.”

பாருங்கள் கூத்தை! ஆளைக் கொல்கிற பொருளுக்கு வாடை இல்லை. வாடை அடித்த பொருள் என்னவென்றே தெரியவில்லை. ஆனால் அந்தத் தெரியாத வாடைதான் என் மகளைத் தினமும் பாத்ரூமிலிருந்து வெளியே துரத்தியிருக்கிறது. இதில் எதை நம்புவது, எதற்கு நன்றி சொல்வது?

இரண்டு பேரையும் வைத்திருந்து, திரும்பத் திரும்பப் பரிசோதித்து, அப்புறம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனாலும் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் தலைவலி போய்விட்டது. கீசரைக் கழற்றிக் கொல்லைப்பக்கத்து வெளிச்சுவரில், காற்றாட மாட்டியாகிவிட்டது. இப்போது உள்ளே வருவது சுடுதண்ணீர்க் குழாய் மட்டும்தான். தெர்மாகோலை இவரே பிய்த்து எடுத்தார். எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை.

வீடு திரும்பிய அன்றைக்குச் சாயங்காலம் இவர் கயலின் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான்தானேம்மா அடைச்சேன்.”

“எனக்குக் குளிரக்கூடாதுன்னுதானேப்பா அடைச்சீங்க.”

“நீ தினமும் சொன்னியேம்மா. நாங்க யாரும்...”

“விடுங்கப்பா. எனக்கே என் மூக்கு மேல சந்தேகம் வந்துடுச்சு.”

அவள் சமாதானத்துக்குத்தான் சொன்னாள். எனக்கு அதுதான் பெரிய பயமாகப் பட்டது. நாம் அன்புக்காரர்கள்தான். ஆனால் ஒருத்தி ‘என்னவோ சரியில்லை’ என்று சொன்னால், சரியில்லாதது எது என்று தேடுவதற்கு முன்னால், அவளிடம் என்ன சரியில்லை என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். ஈரத்தலை, மசக்கை, மில்லு, மார்கழி... எத்தனை காரணங்கள் கைவசம்! அவள் பேச்சைக் கேட்டு அந்த ஜன்னலைத் திறந்து வைக்க ஒரு காரணமும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் இப்போது சட்டம் மாறிவிட்டது. நேற்று சமையல்கட்டுப் பக்கம் வந்த கயல் நின்று, மூக்கைச் சுளித்து, “என்னவோ வாடை அடிக்குதே...” என்றாள். அவ்வளவுதான்! இவர் பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தார், சிலிண்டரை மூடினார், எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்தார், எங்கள் இருவரையும் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிற்க வைத்தார். ஜமீலா அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

கடைசியில், சாம்பாரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்.

அன்றைக்குச் சாப்பாடு தாமதம்தான். போகட்டும்... பசிதானே, தாங்கும்!